பார்க்காமல் சொன்ன எண்

என் மேசை இழுப்பறையில், ரப்பர் முத்திரைகளுக்கும் காய்ந்துபோன பேனாக்களுக்கும் நடுவில், ஓர் ஆக்சிமீட்டர் கிடக்கிறது. விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் சின்னக் கருவி. துணி காயப்போடும் கிளிப் நன்றாகச் சாப்பிட்டுக் கொழுத்துப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். உள்ளே பேட்டரி இல்லை. நான்தான் கழற்றிப் போட்டேன். எடைச் சீட்டு வாங்க வரும் புது லோரிக்காரர்கள் அதை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்து, "என்ன கிராணி, வேலை செய்யலையே?" என்பார்கள். "நானும்தான் வேலை செய்யல. என்னைய வச்சிருக்காங்கள்ல, அது மாதிரி அதுவும் இருந்துட்டுப் போவட்டும்லா" என்று சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவேன். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருபத்தாறு வருடமாக நான் எடைமேடைக் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. பழக்குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறும், எண் தெரியும், எழுதுவேன். குலையைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாகத் திரும்பி வரும்; மறுபடி எண் தெரியும்; எழுதுவேன். முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் குலையின் எடை. இதற்குப் பெரிய மூளை தேவையில்லை என்பதற்கு நானே சாட்சி. என்னிடம் இருப்பது நல்ல கையெழுத்து ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் வேலை கொடுத்தார்கள் என்று நான் சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் விண்ணப்பம் போடவில்லை என்பது ஆலை மேலாளர் சொன்ன காரணம்.

அந்தக் கருவி என் மச்சானுடையது. அக்காவின் வீட்டுக்காரர். வீடு சுங்கை ஆயர் தாவாரில். அந்தப் பக்கத்துச் சிறு தோட்டக்காரர்களின் குலைகளை ஏற்றிக்கொண்டு, கடலோரச் சாலையில் ஒன்றரை மணி நேரம் லோரி ஓட்டி எங்கள் ஆலைக்கு வருவார். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவரும் நானும் ஒருவரை ஒருவர் கேலி செய்தே காலத்தை ஓட்டினோம். எங்கள் குடும்பத்தில் மாமன் மச்சான் என்றால் நேராகப் பேசக்கூடாது என்று சட்டம் இருப்பதுபோல் நடந்துகொள்வோம். மேடையில் ஏறிய லோரியின் ஆட்டம் அடங்கி, சுவரில் இருக்கும் பலகையில் சிவப்பு எண் நிலைத்து நிற்கச் சில விநாடிகள் பிடிக்கும். அந்த இடைவெளிக்குள் மச்சான் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "பதினெட்டாயிரத்து நானூத்தி இருவது! எழுதிக்க கிராணி!" என்று கத்துவார். ஐம்பது கிலோவுக்குள் இருந்தால் தே தாரிக் என் செலவு. தாண்டினால் அவர் செலவு. அந்த வகையில் நான் அவருக்கு வாங்கிக் கொடுத்த தேநீரை ஊற்றினால் தஞ்சோங் காராங் வயல்களுக்கு ஒரு போகத்துக்குப் பாயும்.

எப்படி முடிகிறது என்று கேட்டால், "லோரி சொல்லும் மாப்ள. சீட்டுல குந்துனா முதுகுக்குத் தெரியும்" என்பார். "அப்ப ஒங்க தொப்பை எவ்ளோன்னு முதுகு என்ன சொல்லுது?" என்பேன். "அது அரசாங்க ரகசியம்லா, கிராணிக்கெல்லாம் சொல்ல முடியாது." ஒரு தடவை இடி விழுந்து எண் பலகை செத்துப்போயிற்று. வாயில்வரை லோரி வரிசை. பழுது பார்க்க ஆள் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று முதலில் நின்ற மச்சானின் லோரிக்கு அவர் வாயால் சொன்ன எடையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பலகைக்கு உயிர் வந்தது. வித்தியாசம் பத்தே கிலோ. அன்றைக்கு ஆலையே கைதட்டியது. நான் எழுந்து நின்று சலாம் வைத்தேன். அந்தப் பத்துக் கிலோவை நான் பிற்பாடு நிறைய நினைத்துக்கொண்டேன். வித்தியாசம் ஓர் ஐந்நூறு கிலோவாக இருந்து, எல்லோர் முன்னாலும் அவருடைய மானம் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

பெருந்தொற்றின் இரண்டாவது வருடம். மாவட்டம் தாண்டக்கூடாது என்று சாலையில் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஆலைக்கு மட்டும் அனுமதிக் கடிதம் இருந்தது. பழுத்த குலை நோய்க்காகக் காத்திருக்குமா? புக்கிட் பெருந்துங்கில் இருந்த எங்கள் சித்தப்பா அந்த மாதத் தொடக்கத்தில் போனார். அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனதை நாங்கள் கைப்பேசியில்தான் பார்த்தோம். நடுவில் படம் உறைந்துவிட்டது. வெள்ளை உடை போட்ட ஒருவர் ஒரு காலைத் தூக்கியபடி இரண்டு நிமிடம் நின்றார். அழுகை வரவேண்டிய நேரத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சானும் தன் வீட்டிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உடனே கூப்பிட்டு, "நமக்கெல்லாம் ஒண்ணும் ஆவாது மாப்ள. மருந்து வந்துகிட்டே இருக்கு. நியூஸ்ல தெனமும் ஒரு மருந்து சொல்றான்" என்றார். உண்மைதான். அந்த நாட்களில் எனக்குப் பக்தி எல்லாம் மருந்துச் செய்திமேல்தான். இன்ன நாட்டில் ஊசி, இன்ன நாட்டில் மாத்திரை என்று எது வந்தாலும் குடும்பக் குழுவில் போட்டுவிடுவேன். ஊடே மிளகு, இஞ்சி, வேப்பிலை போட்ட கஷாயமும் போடுவேன். ஒரு முறை அதை நானே காய்ச்சி ஒரு லோரிக்காரர் மூலம் மச்சானுக்குக் கொடுத்தனுப்பினேன். "கஷாயமா இது, ரோட்டுக்கு ஊத்துற தாரா? லோரி டயர் ஒட்டிக்கிச்சு" என்று பதில் வந்தது.

சித்தப்பா போன பத்தாவது நாள் மச்சானுக்குக் காய்ச்சல் வந்தது. சோதனையில் இரண்டு கோடு. வீட்டிலேயே தனியாக இருக்கச் சொன்னார்கள். அவர்களுடைய ஒரே மகள் ஜொகூரில் கட்டிக்கொடுத்தவள், வர வழியில்லை. நானோ அறுபது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம். தஞ்சோங் காராங் மருந்துக் கடையில் இந்தக் கருவியை வாங்கி, குலை ஏற்றப்போன லோரியில் கொடுத்தனுப்பினேன். அந்த டிரைவர் அதை அக்கா வீட்டுக் கேட்டில் தொங்கவிட்டு, ஹாரன் அடித்துவிட்டு ஓடிவிட்டார். கிளினிக்கில் இருந்து நோயாளிகளைத் தொலைபேசியில் கவனித்துக்கொள்ளும் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒருவர் இருந்தார். தன்மையான மலாய்க்காரப் பெண். அக்காவுக்கு மலாய் தட்டுத்தடுமாறும் என்பதால் என் எண்ணைக் கொடுத்திருந்தோம். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் மச்சான் எண்ணைச் சொல்ல, நான் எழுதி வைத்து, மிஸ்ஸி கூப்பிடும்போது ஒப்பிக்க வேண்டும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனால் உடனே ஆஸ்பத்திரி. இன்னொன்றும் அவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு புது மாத்திரையைச் சில பேருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆரம்ப நாட்களில் கொடுத்தால் பலன் இருக்கலாம் என்று நம்புகிறார்கள். மச்சானுக்கு வயது ஐம்பத்தாறு, இனிப்பு நீர் வியாதி வேறு. அதனால் அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன் என்றார். நான் தலைக்குமேல் கை கூப்பிக் கும்பிட்டேன். தொலைபேசியில் கும்பிட்டால் தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

எடைச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுத் தேதி, வேளை, எண் என்று அழகாக எழுதத் தொடங்கினேன். முதல் இரண்டு நாள் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு. மூன்றாம் நாள் காலையில் மச்சானின் குரலில் சுரத்தே இல்லை. "தொண்ணூத்தாறு. எழுதிக்க. போரடிக்குது மாப்ள, நாலு செவுத்தையும் பாத்துக்கிட்டு." அவரை அப்படிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. ஒன்றும் யோசிக்காமல் சொன்னேன்: "அப்ப மத்தியானம் பாக்காம சொல்லுங்க பாப்போம். ஒண்ணு கூடக் கொறைய இருந்தா தே தாரிக் ஒங்க செலவு." மதியம் கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டுவிட்டதாக அறிவித்தார். "தொண்ணூத்தேழு!" என்றார். பிறகு பார்த்தார். தொண்ணூற்றேழு. அப்படி ஒரு சிரிப்பு சிரித்தார். நடுவில் இருமல் வந்தும் விடாமல் சிரித்தார். மாலையிலும் சரியாகச் சொன்னார். "லோரியே சொல்லுது, ஒடம்பு சொல்லாதா?" என்றார். மச்சானைப் பழையபடி ஆக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அன்றைக்கு என்னைப் பிடித்து யாராவது டாக்டர் பட்டம் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாளும் ஐந்தாம் நாளும் எண்ணைக் கத்தினார், நான் எழுதினேன். "பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்தேன், பாத்தேன்" என்றார். ஒரு விநாடி முந்திக்கொண்டு வந்த பதில். இத்தனை வருடம் அவர் பேச்சைக் கேட்டவன் நான். அந்தப் பதிலின் எடை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாம் நாள் மதியம் மிஸ்ஸி கூப்பிட்டார். தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றாறு என்று வாசித்தேன். நல்ல செய்தி என்றார். மாத்திரை குறைவாகத்தான் வந்திருக்கிறது, எண் இறங்கிக்கொண்டிருப்பவர்களை முதலில் கூட்டிப்போகிறோம், உங்கள் மச்சான் நன்றாக இருக்கிறார், அடுத்த சுற்றில் பார்க்கலாம், சரியா என்று கேட்டார். நான் சரி என்றேன். நன்றி என்றேன். அத்தோடு விட்டேனா? "அவரு எருமை மாதிரி, நோய்தான் பாவம்" என்று மலாயில் ஒரு ஜோக்கும் சொன்னேன். அவரும் சிரித்தார். அந்த வாரத்தில் அந்த அம்மாள் சிரித்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆறாம் நாள் மதியம் அக்காதான் கூப்பிட்டாள். அவளுக்கும் லேசாகத் தொற்று வந்திருந்தது. அதனால் அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "தம்பி, இந்த மிஷினு கெட்டுப்போச்சுபோல. அவருக்குப் போட்டா எம்பத்தொண்ணு காட்டுது" என்றாள். ஒன் வெரல்ல போடுக்கா என்றேன். அவளுக்குத் தொண்ணூற்றேழு. மறுபடி அவருக்கு. எண்பது. "பேட்டரி வீக்கா இருக்கும்க்கா" என்று சொன்னவன் நான். டிவி ரிமோட்டில் இருந்த பேட்டரியைக் கழற்றி மாற்றிப் பார்த்தாள். எண்பது. பின்னால் மச்சானின் குரல் கேட்டது: "அது கெடக்கு. நான் நல்லாத்தான இருக்கேன்? ரெண்டு வாட்டி சோறு வாங்கித் தின்னேன்லா?" நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாராம். நகம் மட்டும் நீலமாக இருக்கிறது என்றாள் அக்கா. ஆம்புலன்சில் ஏறும்போதும் ஓட்டுநரிடம், கியரை இவ்வளவு இழுக்காதே தம்பி, வண்டி பாவம் என்றாராம். பிறகு ஒரு டாக்டர் சொல்லித்தான் புரிந்தது. இந்த நோயில் சில பேருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. உள்ளே அளவு இறங்கிக்கொண்டே போகும். ஆள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். முதுகு சொல்லாது. உடம்பு சொல்லாது. பலகையைப் பார்த்தால்தான் உண்டு.

மறுநாள் அந்த டாக்டர் தொலைபேசியில் வந்தபோது நான் முதலில் கேட்டது மாத்திரையைப் பற்றித்தான். இளம் வயதுத் தமிழ்ப் பையன். "அது ஆரம்பத்துல கொடுக்கிறது, அங்கிள். இப்போ லேட். இப்ப வேற ஊசி டிரை பண்றோம்" என்றார். "ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா?" என்று கேட்டேன். பின்னணியில் ஏதோ இயந்திரம் ஒரே தாளத்தில் கத்திக்கொண்டிருந்தது. "சொல்ல முடியாது, அங்கிள்" என்றார். நேர்மையான பதில். மாத்திரை கிடைத்திருந்தாலும் காப்பாற்றியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள் ஏறிப் பார்த்தால் ஒரு பக்கம் மன்னிப்பு இருக்கிறது, ஒரு பக்கம் தண்டனை இருக்கிறது. எந்தப் பக்கம் கனம் என்று இன்றுவரை எனக்கு எண் நிலைக்கவில்லை.

தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் மச்சான் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "மாப்ள, இங்க எண்ண அவங்களே பாத்துக்கிறாங்க. பெரிய பலகையே வச்சிருக்காங்க. நீ லீவு எடுத்துக்க. புது மருந்து எதுனா வந்துச்சான்னு மட்டும் கேட்டு வை." கேட்டுக்கொண்டேதான் இருந்தேன். வேறு ஊசி, வேறு நாடு, வேறு செய்தி. பதினோரு நாள். ஆஸ்பத்திரியிலிருந்து அந்தச் செய்தி வந்தபோது மணி காலை பத்தரை. மேடையில் ஒரு லோரி நின்றது. பதினேழாயிரத்து எண்ணூற்று அறுபது. டாக்டர் சொன்னதைக் கேட்டேன். சரி டாக்டர் என்றேன். எண்ணை எழுதி, முத்திரை குத்தி, சீட்டை டிரைவரிடம் நீட்டினேன். "குலை பழுக்காம வெட்டிருக்கானுங்க, பாத்து" என்றுகூடச் சொன்னேன். அதன்பிறகு இரண்டு லோரி நிறுத்தேன். பிற்பாடு அந்தச் சீட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பிழை இல்லை. கையெழுத்துகூட ஆடவில்லை.

சுடுகாட்டுக்குள் விட்டது அனுமதிக் கடிதம் இருந்த சில பேரைத்தான், அதுவும் தூரத்தில். தனிமை முடிந்து அக்கா என் பக்கத்தில் நின்றாள்; இரண்டு கை நீளத்துக்கு அப்பால். வெள்ளை உடையில் நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய முழங்கை வளைந்ததைப் பார்த்ததும் என் மனம் தன்பாட்டுக்கு, "பெட்டியோடு நூற்றுப்பத்து கிலோ" என்று சொல்லிற்று. நான் கேட்கவில்லை, அதுவாகவே சொல்லிற்று. மறுநாள் சாம்பல் பானையை என் கையில் கொடுத்தார்கள். அப்போதும் ஓர் எண் வந்தது. போகும்போது ஓர் எடை, வரும்போது ஓர் எடை. கழிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அன்றைக்குக் கழிக்கவில்லை. பாகான் நக்கோடா ஓமார் கரையில் ஒரு மீனவரின் படகில் போய்க் கரைத்துவிட்டு வந்தேன். படகுக்காரர் முகக்கவசத்தைச் சரியாகப் போடு என்று இரண்டு முறை சொன்னார். அவ்வளவுதான் அன்று யாரும் என்னிடம் பேசியது. எனக்கும் ஜோக் எதுவும் தோன்றவில்லை. அழுகையும் தோன்றவில்லை. பசித்தது, மீ கோரேங் வாங்கிச் சாப்பிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா இந்தக் கருவியை என் கையில் வைத்தாள். "இதக் கொண்டு போயிரு தம்பி. பொய் சொன்ன மிஷினு. கடைசி வரைக்கும் நல்ல நம்பரா காட்டிக்கிட்டே இருந்துட்டு, ஒரே நாள்ல கவுத்துருச்சு" என்றாள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். மிஷின் பொய் சொல்லலக்கா, அத யாரும் பாக்கவே இல்ல, பாக்காம சொல்லச் சொன்னவன் நான்தான் என்று. வாய் வரவில்லை. ஊரையே பேச்சால் சிரிக்க வைக்கிற வாய்! "ஆமாக்கா, சீனா சாமான்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். கடையில் இருந்ததிலேயே விலை கூடியதாகப் பார்த்து வாங்கிய நல்ல கருவி அது. பழியை அதன்மேல் ஏற்றி இழுப்பறைக்குள் தள்ளிப் பூட்டினேன்.

அடுத்த வருடம் எனக்கும் தொற்று வந்தது. அதற்குள் மாத்திரை எல்லா இடத்துக்கும் வந்துவிட்டிருந்தது. கிளினிக்கில் பெயரைச் சொன்னேன். ஒரு மிஸ்ஸி பெட்டியை எடுத்து நீட்டினார். பட்டியல் இல்லை, சுற்று இல்லை. மச்சானுக்குச் சொன்ன அதே மாத்திரையா, வேறா, தெரியாது. நான் கேட்கவில்லை. காலையும் மாலையும் ஐந்து நாள். வாயெல்லாம் இரும்புக் கசப்பு, பழைய காசைச் சப்பியதுபோல. அக்கா கூப்பிட்டு, "மாத்திர கெடச்சுதா தம்பி?" என்று கேட்டாள். "கெடச்சுதுக்கா." "மறக்காம போடு" என்றாள்.

போன மாதம் அக்காவுக்கு இருமலும் காய்ச்சலும். இப்போது சாலையில் தடுப்பு இல்லை. அரை நாள் விடுப்புப் போட்டு, இழுப்பறையைத் திறந்து கருவியை எடுத்துக்கொண்டு, வழியில் பேட்டரி வாங்கிப் போட்டுக்கொண்டு சுங்கை ஆயர் தாவாருக்கு ஓட்டினேன். வரவேற்பறையில் மச்சான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் அக்கா இருந்தாள். நான் கருவியை எடுத்ததும் அதையே பார்த்தாள். விரலை நீட்டினாள். மாட்டினேன். அவள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, "தொண்ணூத்தேழு! எழுதிக்க கிராணி!" என்றாள்.

அவள் கண்ணைத் திறக்காமலே பேசினாள். "இப்படித்தான கத்துவாரு? நான் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். மொத ரெண்டு வாட்டி பாத்தாரு. அப்பறம் இத மேச மேலயே வச்சுட்டு, சும்மா வெரல மட்டும் நீட்டிக்கிட்டுக் கத்துவாரு. நானும் சேந்துதான் சிரிச்சேன்."

"அப்பறம் ஏன்க்கா மிஷினு பொய் சொல்லிருச்சுன்ன?"

"வேற யார சொல்றது? ஒன்னையா, என்னையா? அது ஒண்ணுதான் அழாது."

கருவியில் எண் வந்துவிட்டது. "கண்ணத் தொறந்து பாருக்கா" என்றேன். திறந்து பார்த்தாள். தொண்ணூற்றாறு. "ஒண்ணுல தோத்துட்டேன்" என்று எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, தே தாரிக் போட அடுப்படிக்குப் போனாள். உள்ளே டின் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கருவியை என் விரலில் மாட்டினேன். ஓர் எண் வாய்வரை வந்தது. வாயை மூடிக்கொண்டு, திரையில் ஆட்டம் அடங்கி எண் நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.